மண்ணடுக்குகளும் மெய்நிகர்ச் சூழலும்: தொல்லியல் கல்விக்கு ஒரு புதிய சாதனம்

இரசாயனம் பயிலும் மாணவர் ஒருவர் சோதனையில் தவறினால் குழாயைக் கழுவிவிட்டு மீண்டும் தொடங்கலாம். தாவரவியல் பயில்வோர் ஓர் இலையைச் சிதைத்துவிட்டால் மரத்தில் வேறோர் இலை உண்டு. தொல்லியல் பயிலும் மாணவருக்கு இவ்வசதி இல்லை. ஆயிரம் ஆண்டுகளாகக் குலையாமல் கிடந்த ஒரு மண்ணடுக்கை ஒரே ஒரு முறைதான் வெட்டி எடுக்க முடியும். எடுத்த பின்னர் அவ்வடுக்கு உலகில் எங்கும் இல்லை. குறிப்பேட்டிலும் வரைபடத்திலும் நிழற்படத்திலும் எது பதிவாயிற்றோ அதுவே எஞ்சும். பதிவாகாதது மறைந்தே போகும்.

ஆகவே அகழ்வாராய்ச்சி என்பது ஒரே சமயத்தில் ஆராய்ச்சியும் அழிவும் ஆகிறது. கைப்பழக்கமின்றி இக்கலை வராது. பழகுவதற்கோ அழியக்கூடிய பொருளையே தொட வேண்டியிருக்கிறது. தொல்லியல் கற்பிப்போரை நெடுங்காலமாக வருத்திவரும் சிக்கல் இதுவே. அண்மை ஆண்டுகளில் இதற்கு ஒரு துணையாக முன்வைக்கப்படுவது மெய்நிகர்ச் சூழல் என்னும் சாதனம். அது எவ்வாறு இயங்குகிறது, எந்த அளவுக்கு உதவும், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் அறிந்திருத்தல் நன்று.

புராணா கிலா கற்பிக்கும் பாடம்

புது தில்லியில் உள்ள புராணா கிலா 16-ஆம் நூற்றாண்டில் ஹுமாயூனும் ஷேர் ஷாவும் எழுப்பிய கோட்டையாகும். அதனைக் காண வருவோர் உயர்ந்த வாயில்களையும், பள்ளிவாசலையும், ஷேர் மண்டல் என்னும் எண்கோணக் கட்டடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். அவர்கள் நடந்து செல்லும் தரையின் கீழ் உள்ள கதை அதனினும் நீண்டது. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை அங்கு 1954-55-இலும், 1969 முதல் 1973 வரையிலும், 2013-14, 2017-18, 2023 ஆகிய ஆண்டுகளிலும் அகழ்வுகள் நடத்தியது. மௌரியர், சுங்கர், குஷாணர், குப்தர், குப்தருக்குப் பிந்தியோர், இராஜபுத்திரர், தில்லி சுல்தான்கள், முகலாயர் என ஒவ்வொரு காலத்து மக்களும் விட்டுச் சென்ற அடையாளங்கள் அங்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன.

இத்தகைய குழியின் விளிம்பில் முதன்முறையாக வந்து நிற்கும் மாணவரின் கண்ணுக்குச் சுவர் முழுவதும் ஒரே பழுப்பு மண்ணாகத்தான் தோன்றும். பழகிய கண் அதே சுவரில் பல கோடுகளைக் காண்கிறது. இங்கே சாம்பல் படிந்திருக்கிறது. அங்கே மிதித்து இறுகிய தரை செல்கிறது. அதன்மேல் இடிந்து விழுந்த செங்கற்சுவரின் துகள் பரவியிருக்கிறது. ஓரிடத்தில் மேலிருந்து கீழாக ஒரு பழங்குழி எல்லா அடுக்குகளையும் ஊடறுத்துக்கொண்டு இறங்குகிறது. இந்தக் கண்ணை மாணவருக்கு உண்டாக்குவதே தொல்லியல் ஆசிரியரின் தலையாய பணி.

பழங்குழி ஒன்றின் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். முகலாயர் காலத்தில் ஒருவர் குப்பை கொட்டுவதற்காக 2 மீட்டர் ஆழக் குழி தோண்டினார் என்று கொள்வோம். அக்குழி கீழேயுள்ள குப்தர் கால அடுக்கு வரை இறங்கிவிட்டது. அதன் அடியில் அவர் காலத்துக் காசு ஒன்று விழுந்து கிடக்கிறது. பின்னாளில் அகழ்வோர் ஆழத்தை மட்டும் அளந்து பார்த்தால், அக்காசு குப்தர் கால மண்ணுக்கு நடுவே கிடப்பதாகவே தோன்றும். குழியின் விளிம்புக் கோட்டைக் கண்டறிந்து, குழிக்குள் நிரம்பிய மண்ணை முதலிலும் சுற்றியுள்ள மண்ணைப் பிறகும் எடுத்தால்தான் உண்மை வெளிப்படும். கோட்டைக் காணாமல் இரண்டையும் ஒருங்கே வாரிவிட்டால் இரு காலங்கள் கலந்துவிடும். அத்தவற்றைத் திருத்த எவராலும் இயலாது. காசு போன்ற நாளறியத்தக்க பொருளாயின் பிழை வெளிப்படக்கூடும். வெறும் பானை ஓடாயின் அப்பிழை நூல்களிலும் ஏறிவிடும்.

களப் பயிற்சியின் வரலாறு

இந்தியாவில் முறையான அகழ்வுப் பயிற்சிக்கு வித்திட்டவர் 1944 முதல் 1948 வரை தொல்பொருள் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர். அவர் 1944-இல் தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார். 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் நடத்திய அகழ்விலும் மாணவர்களைப் பயிற்றுவித்தார். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கிடையே வெட்டாத மண் வரப்பை விட்டு, அவ்வரப்பின் முகத்தில் அடுக்குகளைப் படித்தறியும் முறை அவரால் இந்நாட்டில் வேரூன்றியது. 1959-இல் தில்லியில் தொல்லியல் பள்ளி தோன்றியது. 1985-இல் அது தொல்லியல் நிறுவனமாக உயர்ந்தது. 2019-இல் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் பண்டித தீனதயாள் உபாத்தியாயா பெயரால் அதற்குப் புதிய வளாகம் அமைந்தது.

1973-இல் எட்வர்ட் ஹாரிஸ் என்னும் ஆய்வாளர் அடுக்குகளின் முன்பின் தொடர்பை ஒரு கட்டவரைபடமாகக் குறிக்கும் வழியைக் கண்டார். எந்த அடுக்கு எதற்கு மேல் உள்ளது, எந்தக் குழி எதை அறுத்தது என்பவற்றைக் கட்டங்களாகவும் கோடுகளாகவும் வரைந்தால் ஓர் இடத்தின் வரலாறு முழுவதும் ஒரே தாளில் அடங்கும். இன்று உலகெங்கும் வழங்கும் இம்முறை மாணவர்க்குப் புரிவதற்கும் மண்ணை நேரில் பார்த்த பழக்கம் வேண்டும். ஆனால் ஒரு குழியில் ஒரே சமயத்தில் நிற்கக்கூடியவர் சிலரே. தொலைவிலுள்ள பள்ளியில் வரலாறு படிக்கும் மாணவர்க்கோ அந்தக் குழி பாடநூலின் ஒரு சிறு படமாக மட்டுமே எட்டுகிறது.

மெய்நிகர்ச் சூழல் என்பது யாது?

மனிதனின் இரு கண்களும் ஒன்றுக்கொன்று 6 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் அமைந்துள்ளன. ஆதலால் ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் சிறிது வேறுபட்ட கோணத்தில் காண்கிறது. அவ்விரு தோற்றங்களையும் மூளை இணைக்கும்போது ஆழம் புலப்படுகிறது. இதனை நன்குணர்ந்த சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டும் கருவி ஒன்றை விளக்கினார். தட்டையான இரு படங்கள் கனமுள்ள ஒரே பொருளாகத் தோன்றின.

அக்கருவியில் ஒரு குறை இருந்தது. பார்ப்பவர் தலையைத் திருப்பினாலும் காட்சி மாறாது. 1968-இல் ஐவன் சதர்லேண்ட் அமெரிக்காவில் அமைத்த கருவி இக்குறையை நீக்கிற்று. தலையில் மாட்டும் அச்சாதனம் கனம் மிகுந்ததாகையால் கூரையிலிருந்து அதைத் தொங்கவிட வேண்டியிருந்தது. அது காட்டியவை கோடுகளாலான எளிய உருவங்களே. எனினும் தலை திரும்பும் திசையை அளந்து அதற்கேற்பப் படத்தை மாற்றியமைக்கும் தத்துவம் அதில் நிலைநாட்டப்பட்டது.

இன்று வழக்கில் வி.ஆர். கண்ணாடி எனப்படும் கருவி அதே தத்துவத்தில் இயங்குகிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் எதிரே ஒரு சிறு திரையும் வில்லையும் உள்ளன. தலையின் சாய்வையும் சுழற்சியையும் நுண்ணிய உணர்கருவிகள் இடைவிடாது அளக்கின்றன. கணினி அவ்வளவைப் பெற்று, அந்தக் கணத்தில் அந்த இடத்திலிருந்து எது தெரியவேண்டுமோ அதை வரைந்து திரைக்கு அனுப்புகிறது. நல்ல கருவிகளில் இது வினாடிக்கு சுமார் 90 முறை நிகழ்கிறது. தலை அசைந்ததற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் நேர்ந்தால் பலருக்கும் தலைச்சுற்றல் உண்டாகும். தாமதமின்றி நிகழ்ந்தாலோ, பார்ப்பவர் தாம் ஒரு படத்தைப் பார்ப்பதாகக் கருதாமல் ஓர் இடத்தில் நிற்பதாகவே உணர்கிறார். சுற்றிலும் சூழ்ந்திருக்கும் இவ்வுணர்வினாலேயே இது மெய்நிகர்ச் சூழல் எனப்படுகிறது.

அகழ்வுக் குழி காட்சியாவது எவ்வாறு?

ஒரு குழியை இவ்வாறு காட்சியாக்க இரு வழிகள் உள. முதலாவது நிழற்படங்களைக் கொண்டு அளத்தல். குழியைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. அடுத்தடுத்த படங்கள் ஒன்றையொன்று பாதிக்கு மேல் தழுவியிருத்தல் வேண்டும். ஒரே கல், ஒரே ஓடு பல படங்களில் வெவ்வேறு இடங்களில் விழுவதைக் கணினி கண்டறிகிறது. நில அளவையாளர் முக்கோணங்களால் தொலைவைக் கணிப்பது போன்றே, அது ஒவ்வொரு புள்ளியும் விண்வெளியில் எங்கே இருக்கிறது எனக் கணக்கிடுகிறது. இலட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து மேற்பரப்பாகின்றன. அப்பரப்பின்மேல் நிழற்படத்தின் நிறம் போர்த்தப்படுகிறது. குழியில் முன்னரே அளந்து பதித்த குறிகள் இருந்தால்தான் இவ்வுருவத்துக்குச் சரியான அளவும் திசையும் கிட்டும். குறிகள் இல்லையேல் கிடைப்பது அழகிய படமே அன்றி அளவை ஆகாது.

இரண்டாவது வழி லேசர் அளவை. கருவியிலிருந்து புறப்படும் ஒளி சுவரில் பட்டுத் திரும்பும் தன்மையைக் கொண்டு தொலைவு அறியப்படுகிறது. பெரிய கட்டடங்களுக்கு இது ஏற்றது. பாரிசு நகரத்து நோத்ர்தாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றாசிரியர் இவ்வாறு அளந்து வைத்திருந்தார். 2019 ஏப்ரலில் தீ அதன் கூரையை அழித்தபோது, அந்த அளவைகள் சீரமைப்போருக்குப் பெருந்துணையாயின.

அகழ்வுக்கு இம்முறையைப் பொருத்தும்போது ஒரு சிறப்பு உண்டாகிறது. ஒவ்வோர் அடுக்கை நீக்குவதற்கு முன்னும் பின்னும் குழியை அளந்துவிட்டால், கணினியில் அவ்வடுக்குகளை மீண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். களத்தில் காலம் ஒரு திசையிலேயே செல்கிறது; கணினியில் அதைப் பின்னோக்கியும் செலுத்தலாம். 1990-இல் பால் ரெய்லி என்பவர் மெய்நிகர்த் தொல்லியல் என்ற தொடரை வழக்கிற்குக் கொணர்ந்தபோது அவர் கருத்தில் இருந்தவற்றுள் இதுவும் ஒன்று. அரண்மனைகளை மீண்டும் எழுப்பிக் காட்டுவதோடு, தோண்டப்பட்டு மறைந்த மண்ணை மீண்டும் ஆராயத்தக்கதாக்குவதும் அதில் அடங்கியிருந்தது. துருக்கி நாட்டின் சாத்தல்ஹுயூக் என்னும் புதிய கற்கால ஊரில் மவுரிசியோ போர்த்தே தலைமையிலான குழுவினர் இம்முறையைக் கையாண்டு அகழ்வை நாள்தோறும் முப்பரிமாணத்தில் பதிந்தனர். மாணவர்கள் அப்பதிவுகளுக்குள் நின்று விவாதித்தனர்.

நம் நாட்டில் நடைபெற்ற முயற்சிகள்

இந்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை, மரபுச் சின்னங்களைக் கணினிவழிப் பதிவு செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, விசயநகரப் பேரரசின் தலைநகராகிய ஹம்பியை முதற்களமாக எடுத்துக்கொண்டது. தில்லியில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உட்படப் பல நிறுவனங்கள் அதில் பங்குகொண்டன. விட்டலர் கோயில் முதலிய கட்டடங்களின் வடிவமும், சுவரோவியங்களும், கைவினை மரபுகளும் பதிவாயின. இவ்வாய்வுகளைத் தொகுத்துக் கூறும் ஆங்கில நூலொன்று 2017-இல் வெளியாயிற்று. 2020 ஜனவரியில் புது தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இத்துறையினர் நடத்திய கண்காட்சியில், ஹம்பி உள்ளிட்ட மரபுச் சின்னங்களின் முப்பரிமாண உருவங்கள் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன.

உண்மைக் குழியையே காட்சியாக்கும் முயற்சிகளும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அமைப்பில், தாழிகள் கிடந்த இடத்திலேயே குழியைக் காத்து, அதன்மேல் கண்ணாடித் தளம் இடப்பட்டுள்ளது. குசராத் மாநிலம் வடநகரில் 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பார்வையாளர் அகழ்வு நடந்த இடத்தையே நடந்து காணலாம். இவை மெய்நிகர் அல்ல, மெய்யே. ஆயினும் அங்குச் சென்றடையக்கூடியவரே அவற்றைக் காண இயலும்.

மாணவர் அடையும் பயன்

முதற்பயன் தவறு செய்யும் உரிமை. மேலே கூறிய முகலாயர் காலக் குழியை ஒரு மெய்நிகர்ச் சூழலில் மாணவர் தோண்டுவதாகக் கொள்வோம். அவர் விளிம்பைக் கவனியாமல் எல்லா மண்ணையும் ஒருங்கே எடுத்துவிடுகிறார். காசு குப்தர் காலத்ததாகப் பதிவாகிறது. பாடம் அவரை நிறுத்தி, அக்காசின் எழுத்தைப் படிக்கச் செய்கிறது. முரண்பாட்டை அவரே உணர்கிறார். பின்னர் முதலிலிருந்து தொடங்கி, இம்முறை கோட்டைத் தேடுகிறார். களத்தில் ஒரு முறை நிகழ்ந்தாலே பேரிழப்பாகும் இத்தவறு, இங்கே பத்து முறை நிகழினும் பாடமாகவே அமைகிறது.

இரண்டாவது பயன் அளவைப் பற்றிய உணர்வு. 5 மீட்டர் ஆழம் என்று நூலில் படிப்பது ஒன்று. அந்த ஆழத்தின் அடியில் நின்று, தலைக்கு மேலே உயர்ந்து செல்லும் மண்சுவரை அண்ணாந்து பார்ப்பது மற்றொன்று. மூன்றாவது பயன் அணுகும் வாய்ப்பு. நடக்க இயலாத மாணவரும், தொலைதூரச் சிற்றூரில் பயிலும் மாணவரும், பருவமழையால் மூடிக் கிடக்கும் காலத்திலும் அந்தக் குழிக்குள் இறங்கலாம். மண் நிரப்பி மூடப்பட்ட குழியினையும் காணலாம்.

கருவியால் தர இயலாதவை

மண்ணை அறிவதில் கண்ணைவிடக் கைக்குப் பங்கு அதிகம். இறுகிய தரையின்மேல் கொத்துக் கரண்டி உரசும்போது எழும் ஓசையும், தளர்ந்த குழிமண்ணில் அது புதையும்போது உணரும் இளக்கமும் வேறு வேறு. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துத்தான் வண்டலையும் களிமண்ணையும் பிரித்தறிகிறார்கள். காலையில் ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரியும் கோடு, நண்பகல் வெயிலில் காய்ந்ததும் மறைந்துவிடுகிறது. அதனால்தான் அனுபவமுள்ள பணியாளர் சுவரில் நீர் தெளித்துவிட்டுப் பார்க்கின்றனர். இவற்றை எந்தத் திரையும் இன்று முழுமையாகத் தரவில்லை.

மேலும், மெய்நிகர்ச் சூழலில் அடுக்குகளுக்கிடையே உள்ள எல்லைகளை முன்னரே ஒருவர் தீர்மானித்து அமைத்திருக்கிறார். மாணவர் கண்டுபிடிப்பது மண் கூறுவதை அன்று; அதனைப் பதிந்தவர் கண்டதையே. பதிந்தவர் காணாதுவிட்ட கோட்டை மாணவர் ஒருநாளும் காணப்போவதில்லை. ஆகவே இச்சாதனம் களத்துக்குச் செல்லுமுன் தரும் ஆயத்தமாகவோ, சென்று வந்தபின் நடத்தும் மீள்பார்வையாகவோ அமையலாமே ஒழிய, களத்துக்குப் பதிலாக அமைதல் கூடாது.

ஊகமும் உண்மையும்

இச்சாதனத்தின் பெரிய ஆபத்து அதன் ஆற்றலிலேயே அடங்கியுள்ளது. நூலில், இக்கட்டடத்துக்கு மரக்கூரை இருந்திருக்கலாம் என்று எழுதினால் வாசகர் அந்த 'இருந்திருக்கலாம்' என்னும் சொல்லைக் காண்கிறார். மெய்நிகர்ச் சூழலில் அச்சொல்லுக்கு இடமில்லை. கூரையை வரைய வேண்டும். அல்லது வரையாமல் விட வேண்டும். வரைந்துவிட்டால், எஞ்சி நிற்கும் கற்சுவரைப் போலவே கற்பனைக் கூரையும் திண்மையாகத் தோன்றும். தாம் நேரில் நின்று பார்த்த இடம் என்ற உணர்வோடு மாணவர் அதை நினைவில் கொள்வார். படித்ததை மறப்பவரும் கண்டதை எளிதில் மறப்பதில்லை.

ஹம்பியின் கல்தேர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1856-இல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த நிழற்படத்தில் அத்தேரின்மேல் செங்கல்லால் கட்டிய சிகரம் காணப்படுகிறது. இன்று அச்சிகரம் இல்லை. மெய்நிகர் உருவத்தில் அதைச் சேர்ப்போருக்கு நிழற்படம் சான்றாகிறது. அதே நகரத்தில் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ள அரண்மனைகளின் மேற்கட்டடத்துக்கு அத்தகைய சான்று இல்லை. இரண்டையும் ஒரே நிறத்தில், ஒரே தெளிவில் காட்டினால் சான்றுள்ளதும் சான்றற்றதும் சமமாகிவிடும்.

புராணா கிலாவின் நிலை இன்னும் நுட்பமானது. மகாபாரதத்து இந்திரப்பிரத்தம் அவ்விடமே என்பது நெடுநாளைய மரபு. 1954-55 அகழ்வில், வண்ணக்கோடுகள் தீட்டிய சாம்பல் நிற மட்கலங்களின் சில ஓடுகள் அங்கே கிடைத்தன. வட இந்தியாவின் பிற ஊர்களில் இவை கி.மு. முதல் ஆயிரத்தின் முற்பகுதிக்குரிய அடுக்குகளில் கிடைப்பவை. சில ஓடுகளால் நிறுவக்கூடியது அவ்வகைக் கலங்களைப் பயன்படுத்திய மக்களின் தொடர்பு மட்டுமே. அவ்வோடுகளிலிருந்து மாடமாளிகைகளும் மணிமண்டபங்களும் நிறைந்த நகரம் ஒன்றை மெய்நிகரில் எழுப்பிக் காட்டினால், அது இலக்கியக் காட்சியாகலாம், தொல்லியல் பாடமாகாது. மரபை மரபு என்றும், மண்ணின் சான்றைச் சான்று என்றும் பிரித்துக் கூறுவதால் இரண்டுக்கும் மதிப்பு குறைவதில்லை.

இவ்வாபத்தை உணர்ந்த அறிஞர்கள் 2006-இல் இலண்டன் சாசனம் எனப்படும் நெறிமுறையை வகுத்தனர். ஒரு மெய்நிகர் உருவத்தின் ஒவ்வொரு பகுதியும் எச்சான்றைக் கொண்டு, எத்தகைய ஊகத்தின் வழியே அமைந்தது என்பதை ஆவணப்படுத்தி வெளிப்படையாக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதனைத் தொல்லியலுக்கென விரித்து வகுத்தவை 8 செவீயா நெறிகள். மெய்யானது எது, மீட்டமைத்தது எது என்பதைப் பார்ப்பவர் எப்போதும் வேறுபடுத்தி அறியக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதும், மெய்நிகர் சாதனம் பிற முறைகளுக்குத் துணையே அன்றி மாற்று அன்று என்பதும் அவற்றுள் அடங்கும். நினைவுச் சின்னங்களுக்கான பன்னாட்டுக் குழுவின் பேரவை 2017 டிசம்பரில் புது தில்லியில் கூடியபோது இந்நெறிகளை ஏற்றுக்கொண்டது.

வகுப்பறையில் கையாளும் முறை

வி.ஆர். கண்ணாடி இல்லாத பள்ளிகளும் இக்கல்வியை மேற்கொள்ளலாம். 2014-இல் கூகிள் நிறுவனம் அட்டையும் வில்லையும் கொண்ட எளிய கருவி ஒன்றை அறிமுகப்படுத்திற்று. அந்நிறுவனம் 2021-இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்ட போதிலும், கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் அத்தகைய கருவியை அட்டையால் பள்ளியிலேயே செய்துகொள்ளலாம். அதுவும் இயலாவிடில், முப்பரிமாண உருவத்தைக் கைப்பேசித் திரையிலோ கணினித் திரையிலோ சுழற்றிக் காட்டினாலும் பாதிப் பயன் கிட்டும்.

எந்தக் கருவியைப் பயன்படுத்துவதாயினும், அதற்கு முன் ஒரு வகுப்பைக் கண்ணாடித் தொட்டிக்கு ஒதுக்குதல் நலம். தொட்டியில் செம்மண், மணல், சாம்பல், கரிசல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, இடையிடையே ஓட்டுத் துண்டுகளைப் புதைக்க வேண்டும். பின்னர் மேலிருந்து ஒரு சிறு குழி தோண்டி, அதில் இக்காலக் காசு ஒன்றை இட்டு வேறு மண்ணால் நிரப்ப வேண்டும். மாணவர் கரண்டியும் தூரிகையும் கொண்டு அதனைப் பிரித்து, ஒவ்வொரு படியையும் வரைதல் வேண்டும். மண்ணின் நெகிழ்ச்சியைக் கை ஒருமுறை உணர்ந்தபின் மெய்நிகர்க் காட்சி பன்மடங்கு பொருளுடையதாகும்.

வி.ஆர். கண்ணாடியை அணிவிக்கும்போது மாணவரை நாற்காலியில் அமரச் செய்க. ஒருவருக்கு 10 நிமிடம் போதும். தலைச்சுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே கழற்றிவிடல் வேண்டும். தயாரிப்பாளர் குறித்துள்ள வயது வரம்பைக் கடைப்பிடித்தலும், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றுமுன் கருவியைத் துடைத்தலும் இன்றியமையாதவை. கருவி ஒன்றே இருப்பின், அணிந்தவர் தாம் காண்பதை உரக்கக் கூற, ஏனையோர் அதைக் கேட்டு வரைபடம் எழுதலாம். காண்பவர் சொல்லத் தெரிந்தவராகவும், கேட்பவர் வினவத் தெரிந்தவராகவும் ஆவதற்கு இது வழி.

காட்சி முடிந்ததும் மாணவர் தம் ஏட்டில் மூன்று பத்திகள் வரைதல் வேண்டும். முதற்பத்தியில் இன்றும் எஞ்சியிருப்பவை. இரண்டாவதில் சான்றைக் கொண்டு ஊகித்தவை. மூன்றாவதில் சான்றின்றிச் சேர்த்தவை. கண்ட ஒவ்வொரு சுவரையும், கூரையையும், நிறத்தையும் இம்மூன்றில் ஒன்றில் எழுத வேண்டும். எந்தப் பத்தியில் எழுதுவது என்று மாணவர் தயங்கும் இடமே பாடத்தின் உயிர்நிலை. அங்கே ஆசிரியர் விடை கூறாமல், இதை அறிய எத்தகைய சான்று வேண்டும் என்று வினவுவதே முறை.

களப் பணியாளர் கவனத்திற்கு

வகுப்பறையில் காட்டப்படும் ஒவ்வொரு மெய்நிகர்க் குழியும் களத்தில் ஒருவர் செய்த பதிவினின்றே பிறக்கிறது. படம் எடுக்கும்போது அளவுகோலும் வடதிசைக் குறியும் தெரிதல் வேண்டும். கடும் நிழல் விழும் நண்பகலைத் தவிர்த்து, ஒரே சீரான ஒளி உள்ள வேளையைத் தெரிதல் நன்று. சுவரின் மூலைகளும் அடிப்பகுதியும் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன. அவற்றுக்குத் தனியே படம் எடுக்க வேண்டும். நீர் தேங்கிய இடமும் பளபளக்கும் பரப்பும் கணினியைக் குழப்பும். அளவுக்குறிகளை அடுக்கை நீக்கும் போதெல்லாம் இடம் மாற்றலாகாது.

கோப்புகளுக்கு இடம், குழி எண், அடுக்கு எண், நாள் ஆகியவற்றைச் சேர்த்துப் பெயரிட வேண்டும். ஒரே தட்டில் வைத்த பதிவு இல்லாத பதிவுக்குச் சமம். குறைந்தது இரண்டு பிரதிகள் வெவ்வேறு கட்டடங்களில் இருத்தல் வேண்டும். காகிதம் பழுப்பேறினாலும் படிக்க உதவும். கணினிப் பதிவோ அதைப் படிக்கும் மென்பொருள் வழக்கொழிந்தால் அழிந்ததாகவே ஆகிவிடும். எனவே சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய வடிவத்துக்கு மாற்றிவைத்தல் அவசியம். கையால் எழுதும் குறிப்பேட்டையும் கைவிடலாகாது. நிழற்படம் மண்ணின் நிறத்தைக் காட்டும். அந்த அடுக்கு இங்கே முடிகிறது என்று பணியாளர் ஏன் கருதினார் என்பதைக் குறிப்பேடு மட்டுமே கூறும்.

பாதுகாக்கப்பட்ட இடங்களில் படக்கருவிகளையும் ஆளில்லாப் பறக்கும் கருவிகளையும் பயன்படுத்த உரிய அனுமதி பெறுதல் வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதியில் உரிமமின்றித் தோண்டுவதை 1958-ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச் சின்னங்கள் பற்றிய சட்டம் தடை செய்கிறது. மெய்நிகர்க் குழியில் ஆர்வம் கொண்ட மாணவர் ஊருக்கு வெளியே உள்ள மேட்டைத் தோண்டிப் பார்க்க முனையலாம். அங்கே பானை ஓடுகள் தென்பட்டால் எடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமோ வட்டாட்சியரிடமோ தொல்லியல் அலுவலகத்திடமோ தெரிவிக்க வேண்டும் என்பதையும் பாடத்தோடு சேர்த்தே கற்பித்தல் கடமை.

புதிய சாதனம் மண்ணைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. மண்ணைப் பற்றி ஒருவர் எவ்வளவு நேர்மையாகவும் நுணுக்கமாகவும் பதிந்தாரோ அவ்வளவையே திரும்பத் தருகிறது. நாளைய மாணவர் தலையில் கருவியை அணிந்து இறங்கப்போகும் குழி, இன்று களத்தில் அளவுகோலைப் பிடித்து நிற்கும் பணியாளரின் கவனத்தால் ஆவது.